திருத்திய வாக்கியத்தில் அவனைக் காணோம்

ஒரு பெண் ஆங்கிலத்தில் பிழையாக எழுதிய வாக்கியத்தை என்ன செய்வது? பார்த்த மாத்திரத்தில் இது இலக்கணம் சம்பந்தப்பட்ட கேள்வி. பதிலும் எளிதுதான்: திருத்துவது. நாகர்கோவிலில் இளங்கலை மாணவிகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவள் என்ற முறையில், ஆண்டு முழுவதும் நான் செய்கிற வேலையும் அதுதான். ஆனால் எதைத் திருத்துவது, எதை விட்டுவைப்பது, திருத்தும்போது வாக்கியத்திலிருந்து எது வெளியேறுகிறது என்று கேட்கத் தொடங்கினால் இது அறம் சார்ந்த கேள்வியாகிவிடுகிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் பிழைகளையே பார்ப்போம். எங்கள் மாணவிகள் ‘டிஸ்கஸ் அபௌட்’ என்று எழுதுவார்கள். தமிழில் ஒன்றைப் ‘பற்றி’ விவாதிக்கிறோம். அந்தப் ‘பற்றி’ ஆங்கிலத்துக்குள்ளும் கூடவே போய்விடுகிறது. ‘ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்’ என்பார்கள். ‘எனக்கு ரெண்டு அக்கா இருக்கா’ என்பதில் உள்ள ‘இருக்கு’தான் அந்த ‘ஹேவிங்’. ‘ஏ’, ‘தி’ எங்கே வரும், எங்கே வராது என்று தடுமாறுவார்கள். தமிழில் அப்படி ஒரு சொல்லினமே இல்லை. ‘லெண்ட்’, ‘பாரோ’ இரண்டையும் மாற்றிப் போடுவார்கள். நமக்குக் கடன் என்பது ஒன்றுதான், கொடுப்பதும் வாங்குவதும் வினையில் தெரிந்துவிடும். ‘டுடே மார்னிங்’ என்பது இன்று காலை. ‘கசின் பிரதர்’ என்பது, அண்ணனா அக்காவா என்று சொல்லாமல் உறவைச் சொல்லக் கூசும் ஒரு மொழியின் பழக்கம். ‘கோ-சிஸ்டர்’ என்றால் ஓரகத்தி. ஒரே வீட்டின் அடுக்களையில் வெளியிலிருந்து வந்து சேர்ந்த இரண்டு பெண்களுக்கு நடுவே உள்ள உறவுக்கு ஆங்கிலத்தில் தனிப்பெயர் இல்லை. அதனால் நம் பெண்கள் ஒன்றை உண்டாக்கிக்கொண்டார்கள்.

இவற்றில் பெரும்பாலானவை கவனக்குறைவால் வருபவை அல்ல. ஒரு மொழியை நன்றாக அறிந்தவள் அந்த அறிவோடு இன்னொரு மொழிக்குள் நுழையும்போது ஏற்படும் தடங்கள் இவை. கவனக்குறைவான பிழைகளும் உண்டு. ‘இட்ஸ்’ என்ற சொல்லுக்கு மேற்கோள்குறி எப்போது வேண்டும், எப்போது வேண்டாம் என்பதில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே அன்றாடம் தவறுகிறார்கள். அதற்காக யாரும் அவர்களுடைய அறிவைச் சந்தேகிப்பதில்லை. நம் பெண்ணின் ‘டிஸ்கஸ் அபௌட்’ மட்டும் அவளுடைய ஊரை, பள்ளியை, அப்பனின் வருமானத்தைக் காட்டிக்கொடுக்கும் ஒன்றாகிவிடுகிறது. 2012இல் வந்த ‘இங்கிலிஷ் விங்கிலிஷ்’ படத்தில் ‘ஜாஸ்’ என்ற சொல்லைத் தவறாக உச்சரித்ததற்காக ஸ்ரீதேவியின் கதாபாத்திரத்தைப் பார்த்துச் சிரிப்பவர்கள் வெளியாட்கள் அல்ல, அவளுடைய கணவனும் பிள்ளைகளும்தான். அவள் சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டுதான் சிரிக்கிறார்கள்.

கன்னியாகுமரி மாவட்டத்துப் பெண்களுக்கு இந்தச் சிரிப்பு புதிதல்ல. 1956 நவம்பர் 1ஆம் தேதி தமிழகத்தோடு சேரும்வரை திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த மண் இது. விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பெண் திருவனந்தபுரத்தில் பேசினால் அது தமிழ் கலந்த மலையாளம். சென்னையில் பேசினால் மலையாளம் கலந்த தமிழ். குடிக்க ‘வெள்ளம்’ கேட்டால் சென்னையில் சிரிப்பார்கள். ஆங்கிலத்துக்குப் போகுமுன்பே தன் மொழி பிழையானது என்று கேட்டுப் பழகிய காது அவளுடையது.

இதே மண்ணில்தான் பெண்கல்வியும் வெகு முன்னதாக வந்தது. 1819 வாக்கில் லண்டன் மிஷன் பெண்களின் முயற்சியில் நாகர்கோவிலில் தொடங்கிய பெண்கள் பள்ளியின் தொடர்ச்சிதான் இன்றைய டதி பள்ளி. அதே காலத்தில்தான் தோள்சீலைப் போராட்டமும் நடந்தது. பல பத்தாண்டுகள் அடியும் உதையும் தீவைப்பும் பட்ட பிறகு, 1859இல் திருவிதாங்கூர் அரசு ஒரு பிரகடனம் வெளியிட்டது. நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம். ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் உடுத்தக் கூடாது என்றது அது. அனுமதியும் அவமதிப்பும் ஒரே வாக்கியத்தில். மாணவியின் ஆங்கிலத்தைக் கேட்டு ‘பரவாயில்லையே, நல்லாதான் பேசுறே’ என்று சிரித்துக்கொண்டே பாராட்டுபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பிரகடனம் எனக்கு நினைவுக்கு வரும். நீ பேசலாம், எங்களைப் போலப் பேசிவிட முடியாது.

சரி, எந்த இலக்கணத்தின் பேரில் இந்தச் சிரிப்பு? ஆங்கில இலக்கணத்தின் கதையிலும் பெண்கள் உண்டு என்பதைப் பாடநூல்கள் சொல்வதில்லை. ஆங்கில உலகெங்கும் பரவிய லிண்ட்லி மரேயின் இலக்கண நூல் 1795இல் வெளிவந்தது. யார்க் நகரத்துப் பெண்கள் பள்ளி ஒன்றின் ஆசிரியைகள் கேட்டுக்கொண்டதால்தான் அவர் அதை எழுதினார். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே நியூகாசில் நகரத்து ஆன் ஃபிஷர் என்ற பெண் ஓர் இலக்கண நூல் எழுதியிருந்தார். பிழையான வாக்கியத்தைக் கொடுத்து மாணவரைத் திருத்தச் சொல்லும் பயிற்சியை, நாம் இன்றும் வினாத்தாளில் வைக்கும் அந்தப் பயிற்சியை, தன் நூலில் வைத்தவர் அவர். ஆண்பாற்சொல் இரு பாலாரையும் குறிக்கும் என்ற விதியை எழுதிவைத்தவர்களில் ஒருவரும் அவரேதான். விதியை எழுதும் இடத்துக்கு ஒரு பெண் வந்துவிட்டதாலேயே விதி பெண்ணுக்கு நியாயம் செய்துவிடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அந்த விதி இலக்கண நூலோடு நிற்கவில்லை. 1850இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம், சட்டங்களில் வரும் ஆண்பாற்சொற்கள் பெண்களையும் உள்ளடக்கும் என்று சட்டமே இயற்றியது. 1868இல் மான்செஸ்டர் பெண்கள், ‘அப்படியானால் தேர்தல் சட்டத்தில் உள்ள ‘மேன்’ என்ற சொல்லில் நாங்களும் அடக்கம்தானே, எங்களுக்கும் வாக்கு உண்டுதானே’ என்று வழக்குப் போட்டார்கள். இல்லை என்றது நீதிமன்றம். 1860இன் இந்திய தண்டனைச் சட்டத்திலும் ‘ஹி’ என்பது ஆணையும் பெண்ணையும் குறிக்கும் என்று ஒரு பிரிவு இருந்தது. தண்டனைக்கு ‘ஹி’யில் பெண்ணும் உண்டு. வாக்குரிமை என்று வந்தபோது ‘மேன்’ ஆணாக மட்டுமே இருந்தான். இலக்கணம் நடுநிலையான கருவி என்று சொல்பவர்களிடம் இந்த வழக்கைச் சொல்லலாம்.

இனி நம் வீட்டு இலக்கணத்துக்கு வருவோம். என் மாணவிகளிடம் திரும்பத் திரும்பக் காணும் ஒரு பிழை இது: ‘மை ஃபாதர் தே ஆர் ஃபார்மர்.’ அப்பா ஒருவர்தான். ‘தே’ என்ற பன்மை எதற்கு? காரணம் தெரிந்ததே. எங்கள் பக்கத்துப் பல வீடுகளில் ‘அப்பா வந்தாவ’, ‘அவிய சாப்பிட்டாவ’. மரியாதை பன்மையில் இருக்கிறது. ஆனால் அதே கட்டுரையில் அடுத்த வரியைப் பாருங்கள்: ‘மை மதர் ஷி இஸ் ஹவுஸ்வைஃப்.’ அம்மாவுக்கு ‘தே’ இல்லை. ஏனென்றால் அதே வீட்டில் ‘அம்ம வந்தா’, ‘அவ சாப்பிடல்ல’. அன்பினால்தான் அம்மாவை அப்படிச் சொல்கிறோம் என்பார்கள். இருக்கலாம். ஆனால் அன்பு ஒருத்திக்கும் மரியாதை ஒருவருக்கும் என்று பிரித்தது யார்? அந்த மாணவியின் பிழை, அவள் வீட்டின் அதிகார அமைப்பை அப்படியே வரைந்து காட்டுகிறது. நான் ‘தே’யை அடித்து ‘ஹி’ என்று போடும்போது, ஆங்கிலத்தில் அவளுடைய அப்பாவும் அம்மாவும் முதன்முறையாகச் சமமாகிறார்கள். இந்தத் திருத்தத்தை விளக்கமில்லாமல் செய்தால் அவள் ஒரு மதிப்பெண்ணை இழக்கிறாள். விளக்கிச் செய்தால் வகுப்பறையே அரைமணி நேரம் பேசுகிறது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒருவரைக் குறிக்க ‘தே’ போடுவது ஆங்கிலத்தில் பிழை என்று பல தலைமுறைகளாகக் கற்பித்தார்கள். ஷேக்ஸ்பியரும் ஜேன் ஆஸ்டினும் அப்படி எழுதியிருந்தும் கற்பித்தார்கள். 2019இல் அமெரிக்காவின் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி ‘தே’யையே ஆண்டின் சொல்லாக அறிவித்தது. ஆண், பெண் என்ற இரண்டுக்குள் தம்மை அடைக்க விரும்பாதவர்களுக்கான சொல்லாக அது ஏற்கப்பட்டுவிட்டது. நம்முடைய ‘அவர்’ அந்த வேலையை எப்போதும் செய்துவருகிறது. ஆக, பிழைக்கும் வழக்குக்கும் நடுவே உள்ள கோடு நகர்கிறது. யார் கை வைத்தால் நகர்கிறது என்பதுதான் கேள்வி.

திருமணம் பற்றிய வாக்கியங்களும் அப்படித்தான். ‘ஷி மேரீட் வித் ஹிம்’ என்று எழுதினால் ‘வித்’தை அடிக்க வேண்டும். ஆனால் அந்த வாக்கியம் வந்த வழியை யோசியுங்கள். தமிழில் ஆண் பெண் ‘கட்டுகிறான்’. பெண்ணைக் ‘கெட்டிக் குடுக்கிறார்கள்’, அவள் ‘வாழ்க்கைப்படுகிறாள்’. வினையை அவள் செய்வதில்லை, அவள்மேல் அது செய்யப்படுகிறது. அவளை எழுவாயாக வைத்து ‘மேரீட்’ என்று ஒரு மாணவி எழுதியதே ஒரு தாவல். கூடவே ‘அவனோடு’ என்றும் சேர்த்துவிட்டாள். இலக்கணப்படி தவறு, நினைத்துப்பார்த்தால் திருமணத்தைப் பற்றி அவள் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன எதையும்விட நியாயமான சொல் அந்த ‘ஓடு’. அடிக்கத்தான் வேண்டும். அடிக்குமுன் அதை அவளுக்குச் சொல்லவும் வேண்டும்.

இதுவரை சொன்னவை பிழையுள்ள வாக்கியங்கள். பிழையில்லாத வாக்கியங்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை.

ஒரு கல்லூரியில் முதலாண்டு மாணவி ஒருத்தி பேருந்தில் தனக்கு நேர்ந்ததைப் புகாராக எழுதினாள். ஆங்கிலத்தில் எழுதினால்தான் மதிப்பார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவள் எழுதியது ஏறத்தாழ இப்படி: ‘ஒன் மேன் ஹி இஸ் டச்சிங் மை பேக். ஐ டோல்ட் டோன்ட். அகெய்ன் ஹி டச். ஆல் ஆர் சீயிங்.’ ஒரு ஆள் என் முதுகைத் தொட்டான்; வேண்டாம் என்றேன்; மறுபடியும் தொட்டான்; எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்கு சிறு வாக்கியங்களில் எத்தனை பிழை என்று எண்ணலாம். காலம் தவறு, தேவையில்லாத ‘ஹி’, வினைமுடிவு இல்லை. இந்தப் புகார் மேலே போகுமுன் நல்ல ஆங்கிலத்தில் திருத்தப்பட்டது. திருத்திய வடிவத்தின் பொருள் இது: ‘பேருந்துப் பயணத்தின்போது ஈவ் டீசிங் சம்பவம் ஒன்று நடந்ததாகத் தெரிவிக்கப்பட்டது.’ ஒரு பிழைகூட இல்லை. தொட்டவனும் இல்லை. ‘வேண்டாம்’ என்று அவள் சொன்னதும் இல்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்களும் இறங்கிப் போய்விட்டார்கள். அவள் எழுதியதில் ‘ஹி’ ஒன்றுக்கு இரண்டாக இருந்தது. திருத்தியதில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

‘ஈவ் டீசிங்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். இந்தியத் துணைக்கண்டத்து ஆங்கிலத்தில் வழங்கும் சொல் அது. மாணவிகளின் ‘கோ-சிஸ்டர்’ மாதிரிதான் அதுவும். ஆனால் அதைப் பிழை என்று எந்த வழிகாட்டி நூலும் பட்டியலிட்டு நான் பார்த்ததில்லை. அதற்குள் ஏவாள் இருக்கிறாள், ஆண்களைத் தூண்டியவள். விளையாட்டுச் சீண்டல் இருக்கிறது. குற்றம் மட்டும் இல்லை. 1998இல் சென்னையில் சரிகா ஷா என்ற கல்லூரி மாணவி இறந்த பிறகு தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சட்டத்துக்கே ‘ஈவ் டீசிங் தடைச் சட்டம்’ என்றுதான் பெயர். ஒரு மரணத்துக்குப் பிறகும் சீண்டல் என்ற பெயர். பின்னர்தான் பெயரில் ‘துன்புறுத்தல்’ வந்தது. தென்காசி பேருந்து நிலையத்தில் 1999இல் நடந்ததாகச் சொல்லப்பட்ட நிகழ்வு தொடர்பாகக் காவலர் ஒருவரின் பணிநீக்கம் பற்றிய வழக்கில், 2012 நவம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ‘ஈவ் டீசிங்’ ஓர் இடக்கரடக்கல்தான் என்றது. 2023 ஆகஸ்டில் அதே நீதிமன்றம் வெளியிட்ட கையேடு, நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் தவிர்க்க வேண்டிய சொற்களில் ஒன்றாக அதைச் சேர்த்து, தெருவில் நடக்கும் பாலியல் துன்புறுத்தல் என்றே சொல்லச் சொன்னது. ஒரு சொற்பிழையைத் திருத்த நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கே இத்தனை ஆண்டுகள் ஆயிற்று. ‘டிஸ்கஸ் அபௌட்’டைத் திருத்த ஒரு நொடி போதும்.

செயப்பாட்டு வினையைப் பற்றி அமெரிக்க மொழியியலாளர் ஜூலியா பெனலோப்பி விரிவாக எழுதியிருக்கிறார். ஜான் மேரியை அடித்தான், மேரி ஜானால் அடிக்கப்பட்டாள், மேரி அடிக்கப்பட்டாள், கடைசியில் மேரி ‘அடிபட்ட பெண்’. ஒவ்வொரு வாக்கியமும் இலக்கணப்படி சரி. ஒவ்வொரு படியிலும் ஜான் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போகிறான், அடி மேரியின் அடைமொழியாகிவிடுகிறது. தமிழுக்கு இது அந்நியமல்ல. ‘கற்பழிக்கப்பட்டாள்’ என்று நம் நாளிதழ்கள் எத்தனை காலம் எழுதின! அழித்தவனைச் சொல்லாமல், அழிந்தது அவளுடைய கற்பு என்று சொன்ன அந்த வாக்கியத்தில் சந்திப்பிழைகூட இருந்ததில்லை. ‘பாலியல் வன்கொடுமை’ என்ற சொல் வந்தது பிழைதிருத்துபவர்களால் அல்ல, பெண்ணியவாதிகள் விடாமல் கேட்டதால்.

அப்படியானால் இலக்கணப் பிழைகளை விட்டுவிடலாமா? கூடாது. ‘பிழையோடு எழுதட்டும், அதுதான் அவள் குரல்’ என்று சொல்வது, நல்ல ஆங்கிலம் ஏற்கெனவே கைவசம் உள்ளவர்களின் சொகுசு. தங்கள் பிள்ளைகளை அவர்கள் அப்படி விடமாட்டார்கள். சாவித்திரிபாய் புலே 1854இல் வெளியிட்ட தன் கவிதைத் தொகுப்பில் ஒடுக்கப்பட்டவர்கள் ஆங்கிலம் கற்க வேண்டும் என்று அழைத்தபோது, பூட்டிய கதவுகளுக்கான சாவியாக அதைப் பார்த்தார். சாவி அரைகுறையாக வெட்டப்பட்டிருந்தால் கதவு திறக்காது. என் மாணவியின் விண்ணப்பத்தை வாசிக்கப்போகிற நேர்காணல் அதிகாரி அவள் வீட்டு இலக்கணத்தை ஆராயப்போவதில்லை.

அதைவிட முக்கியமான காரணமும் ஒன்று இருக்கிறது. தமிழில் எதிர்கால வினைமுடிவுதான் வழக்கத்தையும் குறிக்கும். ‘குடிச்சிட்டு வந்தா அடிப்பாரு’ என்றால் அது பல ஆண்டுகளாக நடப்பது. அதை அப்படியே ‘ஹி வில் பீட் மீ’ என்று எழுதினால், ஆங்கிலத்தில் அது இனி நடக்கலாம் என்ற பயம் மட்டுமே. ‘ஹி பீட்ஸ் மீ’ என்றால்தான் அது தொடர்ந்து நடக்கிறது என்று பொருள். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்து, 2006 முதல் நடைமுறையிலும் இருக்கிறது. அதன் கீழ் மனு எழுதப்போகிற ஒரு பெண்ணுக்கு இந்த வேறுபாடு மதிப்பெண் சம்பந்தப்பட்டதல்ல, அவள் சொல்வது நடந்ததா, நடக்கப்போவதா என்பது சம்பந்தப்பட்டது. காலங்களைச் சரியாகக் கற்பிப்பது அவள் தரப்பில் நிற்பதுதான்.

ஆகவே நான் பிழைகளை மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன். பொருளைப் புரட்டிவிடுபவை முதல் வகை: ‘வில் பீட்’டுக்கும் ‘பீட்ஸ்’க்கும் உள்ள வேறுபாடு, ‘லெண்ட்’டுக்கும் ‘பாரோ’வுக்கும் உள்ள வேறுபாடு. இவற்றை ஒன்றுவிடாமல் திருத்த வேண்டும். எழுதியவள் எங்கிருந்து வருகிறாள் என்பதை மட்டும் காட்டுபவை இரண்டாம் வகை: ‘டுடே மார்னிங்’, ‘கோ-சிஸ்டர்’, ‘கசின் பிரதர்’. தேர்விலும் நேர்காணலிலும் இவற்றுக்கு என்ன விலை என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டு, கதையிலோ கவிதையிலோ வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை அவளிடமே விட வேண்டும். 1992இல் ‘கருக்கு’ வந்தபோது பாமாவின் தமிழைக் கொச்சை என்றவர்கள் இருந்தார்கள். அவர் ‘திருத்தி’ எழுதியிருந்தால் நமக்குக் ‘கருக்கு’ கிடைத்திருக்காது.

மூன்றாம் வகையை எந்தப் பாடநூலும் பிழை என்று சொல்லாது. செய்தவனை ஒளித்துவைக்கும் வாக்கியம், குற்றத்துக்குச் செல்லப்பெயர் வைக்கும் சொல், பெண்ணையும் உள்ளடக்குவதாகச் சொல்லிவிட்டு வேண்டியபோது வெளியே தள்ளும் ‘ஹி’. இவற்றைத் திருத்தத்தான் இப்போது வகுப்பில் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன். மாணவிகளிடம் ஒரு செய்தித்தாள் பத்தியைக் கொடுத்து ஒரே கேள்வி கேட்கிறேன்: இதில் செய்தது யார்? பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. ‘ஒருவன்’ என்றாவது எழுதுங்கள். ஆன் ஃபிஷர் தொடங்கிய அதே பயிற்சிதான். பிழை என்று எதை எடுத்துக்கொள்கிறோம் என்பது மட்டும் மாறியிருக்கிறது.

அந்தப் புகாரை நான் திருத்தியிருந்தால் காலத்தைச் சரிசெய்திருப்பேன், கூடுதலாக வந்த ‘ஹி’யை எடுத்திருப்பேன். ‘எ மேன் டச்ட் மை பேக். ஐ டோல்ட் ஹிம் நாட் டு. ஹி டச்ட் மீ அகெய்ன். எவ்ரிபடி வாஸ் வாட்சிங்.’ அவள் சொன்ன வரிசை மாறவில்லை. தொட்டவன் முதல் வாக்கியத்திலேயே நிற்கிறான், அவள் இரண்டாவதில் எதிர்க்கிறாள், ஊர் கடைசியில் நிற்கிறது. நல்ல ஆங்கிலம் என்பதற்கு இதைவிட உயர்ந்த இலக்கணம் எனக்கு வேண்டியதில்லை.